முள் தைத்ததை அறியாத பாதம்

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப்பாதை முடிந்து அறைவீடு திரும்பி அமர்ந்தோம். உபதேசியார் தரையைக் காட்டி, "சாமி, இரத்தம்!" என்றார். வாயிற்படியிலிருந்து நமது நாற்காலி வரை சிவந்த புள்ளிகள். எவர்க்குக் காயமோ என்று சுற்றுமுற்றும் பார்த்தோம். நமது வலப் பாதத்தில் கருவேலமுள் ஒன்று ஆழப் புதைந்திருந்தது. பதினான்கு தலங்களையும் வெறுங்காலுடன் நடந்திருந்தோம். எத்தலத்தில் தைத்ததென்று அறியோம். வலியே இல்லை. முதலில் அதற்காக மகிழ்ந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

மருத்துவர் மகிழவில்லை. நமக்கு நீரிழிவு வந்து பதின்மூன்று ஆண்டுகள். கண்களை மூடச் சொல்லி, பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றை எடுத்தார். "தொடும்போது சொல்லுங்கள், ஃபாதர்." கணுக்காலில் தொட்டபோது சொன்னோம். விரல்களுக்கு வருவாரெனக் காத்திருந்தோம். அவரோ அதற்குள் முடித்துவிட்டிருந்தார்.

அதன் பின்னரே இவ்வுடலின் ஏற்பாட்டைப் பற்றிப் படிக்கலானோம். தொடுகைக்கும் அதிர்வுக்கும் தோலினுள் நுண்ணிய உறைகளுக்குள் அமைந்த உணர்வேற்பிகள் உண்டு. வலிக்கோ உறையற்ற நரம்பு முனைகளே. அம்முனைகளின் சவ்வில் புரதத்தாலான கதவுகள் உள்ளன. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் திறக்கும் கதவு ஒன்றை 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் இனங்கண்டனர். மிளகாயின் காரப்பொருள் திறப்பதும் அதே கதவைத்தான்! மிளகாய் 'எரிகிறது' என்று நம் பாட்டிமார் சொன்னது வெறும் உவமையன்று. அழுத்தத்தை உணரும் கதவுகளை 2010-இல் ஆர்டெம் பட்டபூட்டியன் குழுவினர் கண்டனர். இவ்விருவர்க்கும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. செய்தி செல்லும் வழியும் இரண்டு. சுரீரென்ற முதல் வலி விரைந்து செல்லும் இழைகளில் வரும். பின்வரும் மந்தமான நோவு நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்து வரும். நீரிழிவு முதலில் கெடுப்பது மிக நீண்ட நரம்புகளை. ஆதலால் பாதங்களே முதற்பலி.

1914-இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டை இங்கு நினையாதிருக்க இயலவில்லை. தொழுநோயே விரல்களைத் தின்கிறது என்று பலரும் நம்பிய காலம் அது. வலியிழந்த கைகள் சூட்டாலும் வெட்டாலும் தம்மைத் தாமே சிதைத்துக்கொள்வதை அவர் கண்டுணர்ந்தார். இரவில் எலி கடித்தும் விழிக்காது உறங்கிய நோயாளர்க்குப் பூனைகள் வழங்கப்பட்டன. பின்னர் அமெரிக்காவில், செயற்கையாக வலியுணர்த்தும் கருவிகளைக் கையுறையில் பொருத்திப் பார்த்தார். ஒலி எழுப்பினால் நோயாளர் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி தந்தால், கருவியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தனர். அம்முயற்சியை அவர் கைவிட நேர்ந்தது.

இதைக் கொண்டு வலியைப் போற்ற நாம் எண்ணவில்லை. புற்றுநோய்ப் படுக்கையருகே இரவெல்லாம் அமர்ந்திருக்கிறோம். அங்கே வலி எச்சரிப்பதற்கு ஏதும் மீந்திருக்கவில்லை. "வலி தீர வேண்டிக்கொள்ளுங்கள், சாமி" என்று கேட்போர்க்கு இன்றும் அவ்வாறே வேண்டுகிறோம்.

நமக்கோ, இரவுதோறும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது வழக்கமாயிற்று. செருப்பை அணியுமுன் உள்ளே விரல்விட்டுத் தடவுகிறோம். இவ்வாண்டுச் சிலுவைப்பாதையில் செருப்புடனேயே நடந்தோம். முன்வரிசையில் ஓரிருவர் முகம் சுளித்தனர். உபதேசியார் மட்டும், தலந்தோறும் நமது கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.