கொம்பு யாருக்கு?

உங்க தாத்தா வீட்டுச் சுவரில் மான் கொம்பு மாட்டியிருக்கா? இருந்தால் இதை முழுசா படிங்க. இல்லைன்னாலும் படிங்க, சொந்தக்காரர் வீட்டில் நிச்சயம் ஒன்று இருக்கும்.

முதலியார்பேட்டையில் எங்கள் தாத்தா வீட்டுக் கூடத்தில் ஒரு ஜோடி இருக்கு. திருகு திருகாக மேலே விரிந்த கொம்பு. தாத்தா தவறிய பிறகு பாகம் பிரிக்கும் பேச்சு வந்தது. ஊஞ்சல், பித்தளை அண்டா, தேக்கு பீரோ எல்லாத்துக்கும் ஆள் கிடைச்சாச்சு. கொம்பில்தான் சிக்கல். "ஆன்லைன்ல போட்டா நல்ல விலை போகும், ஒரு போட்டோ எடுடா" என்றார் சித்தப்பா. "அப்பா ஞாபகம், நானே வச்சுக்கறேன்" என்றார் பெரியப்பா. போட்டோ எடுப்பதற்கு முன்னால் சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்துடலாமேன்னு உட்கார்ந்தேன்.

முதலில் உயிரியல். புள்ளிமானும் கடமானும் வருஷத்துக்கு ஒரு தடவை கொம்பை உதிர்த்துவிட்டு புதுசா வளர்க்கும். திருகுக் கொம்பு வெளிமானுடையது. அது ஆன்டிலோப் வகை, ஆயுசுக்கும் கொம்பை உதிர்க்காது. "காட்டுல உதிர்ந்து கிடந்ததை யாரோ கொடுத்தாங்க" என்பதுதான் எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லும் கதை. அந்தக் கதை அங்கேயே முடிஞ்சது. இந்தக் கொம்பு சுவருக்கு வர ஒரு மான் செத்திருக்கணும்.

அடுத்து சட்டம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972. வெளிமான் இதில் முதல் அட்டவணை, அதாவது புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. இந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும் இல்லை. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, விரட்டுவது, இதற்கெல்லாம் முயற்சி செய்வதுகூட வேட்டைதான். கொம்பு, தோல், பல் எல்லாம் 'டிராஃபி' கணக்கில் வரும். விற்கவே முடியாது. பரம்பரையாக வந்தால் 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் தெரிவிக்கணும். முதல் அட்டவணைக் குற்றத்துக்கு 3 முதல் 7 வருஷம் வரை சிறை. அதைவிட முக்கியம், கையில் பொருள் இருந்தால் அது சட்டப்படி வந்தது என்று நிரூபிக்க வேண்டியது வைத்திருப்பவர்தான். தாத்தாவிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இதைச் சொன்னதும் சித்தப்பா, "செத்துப்போன மானுக்கு இவ்வளவு சட்டமா?" என்றார். நியாயமான கேள்விதான். நான் சொன்ன பதில் இது: கொம்புக்கு விலை இருக்கிற வரைக்கும் உயிரோட இருக்கிற மானின் தலைக்கும் விலை இருக்கும். 1972இல் வந்த சட்டம்கூட சில மிருகங்களைச் சுட லைசென்ஸ் கொடுத்தது. 1991 திருத்தம்தான் அந்த லைசென்ஸை மொத்தமா மூடியது. அதற்கு முன்னால் ராஜாக்கள் சிறுத்தைப்புலி இல்லை, சீட்டாவையே பழக்கி வெளிமானை வேட்டையாடினார்கள். அந்த சீட்டா இந்தியாவில் அழிந்துவிட்டதாக 1952இல் அறிவித்தார்கள். வெளிமானாவது மிஞ்சியதே!

பெரியப்பா ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு, வனத்துறைக்கு மனு எழுதச் சொன்னார். எழுதினேன், கையெழுத்துப் போட்டார்.

சட்டம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யுதான்னு நீங்க கேட்கலாம். சல்மான் கான் வழக்கு ஞாபகம் இருக்கும். 1998இல் ஜோத்பூர் பக்கத்தில் ரெண்டு வெளிமான்கள் சுடப்பட்டன. விடாமல் நின்றவர்கள் பிஷ்னோய் மக்கள். தீர்ப்பு வந்தது 2018 ஏப்ரலில். 5 வருஷம் தண்டனை, ரெண்டே நாளில் ஜாமீன், பிறகு மேல்முறையீடு. ஒரு கீழ்க்கோர்ட் தீர்ப்புக்கே 20 வருஷம்! அதாவது ஏறக்குறைய என் வயசு. விவசாயிக்கும் ஒரு பக்கம் இருக்கு. பயிரை மேய்ந்தால்கூட முதல் அட்டவணை மிருகத்தைத் தொட முடியாது. நஷ்டஈடு சரியாகக் கிடைக்காவிட்டால் அவருக்கு மான் மேல் எப்படிப் பாசம் வரும்?

சட்டத்துக்கு எட்டாத இன்னொரு விஷயமும் இருக்கு. காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம், வேதாரண்யம் தாண்டினால் கோடியக்கரை. வெளிமானுக்காகவே 1967இல் அறிவித்த சரணாலயம். அங்கே இன்றைக்குப் பெரிய ஆபத்து துப்பாக்கி இல்லை. புல்வெளியை மூடிக்கொண்டு வரும் சீமைக் கருவேலம். இருக்கிற புல்லுக்குப் போட்டியாக, யாரும் வளர்க்காமல் காட்டில் திரியும் குதிரைகள். கிண்டியிலும் சென்னை ஐஐடி வளாகத்திலும் தெருநாயும் பிளாஸ்டிக்கும். கருவேலத்தின் மேல் எந்தப் பிரிவில் கேஸ் போடுவது?

வெளிமான் என்ற பெயரே, திறந்த வெளியில் வாழும் மான் என்று சொல்லுது. மரமே இல்லாத புல்வெளியைப் பார்த்தால் நாம் 'சும்மா கிடக்கும் நிலம்' என்கிறோம், உடனே மரக்கன்று நடக் கிளம்புகிறோம். நம்ம காலேஜில் அடுத்த மரம் நடும் விழா வரும்போது, நடப்போகும் இடம் ஏற்கெனவே யாருடைய வீடுன்னு ஒரு தடவை கேளுங்க. மானைச் சுடக்கூடாதுன்னு சட்டம் சொல்லியாச்சு. அது நிற்க ஒரு வெளி வேணும்னு நாமதான் சொல்லணும்.