தட்டுது தம்பி

போன மாதம் மகனின் காரில் வெள்ளிமலைக்குப் போனோம். கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையையும் கடந்து மலைப்பாதை தொடங்கியதும் என் காது தானாகவே என்ஜின் பக்கம் போய்விட்டது. 40 வருஷத்துக்கு மேலான பழக்கம். வண்டியில் ஐந்து பேர், டிக்கியில் புளிசாதப் பாத்திரங்கள், ஏசி வேறு. மகன் கியரை இறக்காமல் நாலாவதிலேயே மிதித்துக்கொண்டிருந்தான். இந்த இடத்தில் அந்தச் சத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"கியரை இறக்குடா" என்றேன்.

"அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்பா."

கம்ப்யூட்டர் எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பது எனக்கே இந்த வருஷம்தான் தெரிந்தது. ஏப்ரலில் இதே காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இழுவை இல்லை, மைலேஜும் குறைந்தது. கள்ளக்குறிச்சியில் நாங்கள் வழக்கமாகக் காட்டும் மெக்கானிக், ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "நாக் சென்சார் ஒயரை எலி கடிச்சிருக்கு ஐயா" என்றார். கழற்றி என் கையில் கொடுத்தார். நடுவில் போல்ட் நுழைய ஓட்டை, ஓரத்தில் ஒயர் மாட்ட ஒரு காது. பார்த்தால் அரை ரூபாய் பெறாத பொருள்.

'நாக்' என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபம். கரும்புத் தோட்டத்தில் சோகை கொளுத்தும்போது ஒரு பக்கம் வைத்த தீ வரிசையாக நடந்து போக வேண்டும். காய்ந்து கிடக்கும் நாளில், தீ வந்து சேருமுன்பே அந்தக் கோடியில் இருப்பது வெக்கையிலேயே குப்பென்று பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? சிலிண்டருக்குள் நடப்பது அதுதான். ஸ்பார்க் பிளக் வைத்த தீ பரவிக்கொண்டிருக்கும்போதே, மூலையில் நசுங்கிக் கிடக்கும் பெட்ரோல் காற்று தானாக வெடித்துவிடுகிறது. அந்த அதிர்ச்சியில் சிலிண்டர் வெண்கல மணி மாதிரி அதிர்கிறது. நமக்குக் கேட்பது தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கும் சத்தம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இதற்கு 'கிளிக்தி' என்று பெயர். வாளும் வாளும் மோதும் ஒலிக்கும் அதே சொல்தான்.

அந்தச் சென்சாருக்குள் இருப்பது அழுத்தினால் மின்சாரம் தரும் பொருள். இந்தக் குணத்தை 1880-ல் கண்டுபிடித்தவர்கள் ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள். மேரி கியூரியின் கணவர்தான் பியேர். பள்ளியில் மனப்பாடம் செய்த பாடம், 60 வருஷம் கழித்து எலி கடித்த ஒயர் வழியாகத் திரும்பி வந்தது.

என்ஜினில் வால்வு, செயின் என்று நூறு சத்தம் இருக்கும்போது இது எப்படித் தனியாகக் கேட்கும் என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் சொன்னதும் பிறகு நான் படித்ததும் சேர்த்துச் சொல்கிறேன். தட்டும் சத்தத்துக்கென்று ஒரு சுருதி உண்டு. சிலிண்டரின் அகலத்தைப் பொறுத்து நொடிக்கு ஏறக்குறைய 6000, 7000 அதிர்வுகள். கம்ப்யூட்டர் அந்தச் சுருதியை மட்டும், அதுவும் பொறி விழுந்த பிறகு ஒரு கண நேரம் மட்டுமே காது கொடுத்துக் கேட்கிறது. இப்போது எந்த சிலிண்டரின் முறை என்று அதற்குத் தெரியும் என்பதால், தட்டியது யார் என்பதும் தெரிந்துவிடும். வழக்கமான இரைச்சலைவிட மிகுந்தால், அந்த சிலிண்டருக்குப் பொறியை இரண்டு மூன்று டிகிரி தாமதமாக்கும். பிறகு சத்தம் இல்லை என்று கண்டால் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே கொண்டு வரும். 3000 சுற்றில் ஓடும் நாலு சிலிண்டர் வண்டியில் நொடிக்கு 100 பொறி. அத்தனைக்கும் இந்த விசாரணை நடக்கிறது! ஒயர் அறுந்து காது போய்விட்டால், எதற்கு வம்பு என்று பொறியை எப்போதுமே பின்தள்ளி வைத்துவிடும். எங்கள் வண்டி இழுக்காமல் போனது அதனால்தான். புதியதை மாட்டும்போது அந்த ஒரு போல்ட்டை மட்டும் அளவு காட்டும் ஸ்பேனரால் முறுக்கினார். தளர்ந்தாலும் இறுகினாலும் சரியாகக் கேட்காதாம்.

பெட்ரோலுக்கும் இதில் பங்கு உண்டு. 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி ஈயக் கலவையைச் சேர்த்தால் தட்டாது என்று கண்டார். அந்த விஷத்தை 2000 வரை நம் நாட்டிலும் எரித்தோம். இப்போது 20 சதவீதம் எத்தனால். அதுவும் தட்டலைத் தாங்கும், ஆனால் மைலேஜைக் கொஞ்சம் தின்னும். கரும்பிலிருந்தும் எடுப்பது அது. மூங்கில்துறைப்பட்டுக்கும் கச்சிராயப்பாளையத்துக்கும் கரும்பு வண்டி போவதைப் பார்த்தே வளர்ந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்கு இந்தச் சத்தத்தைக் காட்டிக்கொடுத்தவர் எங்கள் அலுவலக ஜீப் டிரைவர். பெயர் வேண்டாம், குடும்பம் இங்கேதான் இருக்கிறது. நாம் தென்னாற்காடு மாவட்டமாக இருந்த காலம், 1982 வாக்கில். என்னைவிட இருபது வயது மூத்தவர். அலுவலகத்தில் என்னை 'சார்' என்பார், ஜீப்பில் ஏறிவிட்டால் 'தம்பி'. மலை ஏறும்போது "தட்டுது தம்பி, கேக்குதா?" என்று காலை எடுத்து, கியரை இறக்குவார். சென்சாரும் கம்ப்யூட்டரும் அவரே. இறங்கியதும் பானெட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் திருப்பி வைப்பார்.

அதற்கும் மசியாதபோது எழுதிக் கொடுத்தார். என்ஜினில் கார்பன் அடைத்திருக்கிறது, ஹெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று. கோப்பு என் மேஜைக்கு வந்தது. பராமரிப்புத் தலைப்பில் பணம் இல்லை. "வாகனம் ஓடும் நிலையில் உள்ளது" என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். அப்படியே திரும்பி வந்தது.

மூன்று மாதம் கழித்து, கோடையில், ஆட்களும் சாமான்களுமாக மேலே போனோம். அதிகாரி அவசரப்படுத்தினார். வழியெல்லாம் தட்டியது. பாதி மலையில் பெரிதாக ஒரு சத்தம், நீலப் புகை, பிஸ்டன் உடைந்துவிட்டது. கவனக்குறைவாக ஓட்டினார் என்று விசாரணை. என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள்: "வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டதா? டிரைவர் ஏதாவது சொன்னாரா?"

கேட்டது என்றால், என் குறிப்பு வெளியே வரும். "கவனிக்கவில்லை" என்றேன்.

பத்து மாதத் தவணையில் அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். பிடித்தப் பட்டியல் எழுதியதும் நான்தான். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜீப் சரியாகி வந்த அன்று, முன் பக்கம் ஏறப் போனேன். கதவைப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்க சார்" என்றார்.

ஓய்வு பெறும்வரை ஜீப்பிலும் 'சார்' என்றுதான் கூப்பிட்டார்.