ஜெகஜீவன் ராமுக்கு மாலை, மற்றவருக்கு வாக்கு

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 5 அன்று ஆந்திரத்தின் பிற ஊர்களைப் போலவே சித்தூரிலும் திருப்பதியிலும் பாபு ஜெகஜீவன் ராமின் பிறந்தநாள் அரசு விழாவாகக் கொண்டாடப்படுகிறது. அதிகாரிகள், ஆளுங்கட்சியினர், எதிர்க்கட்சியினர் என அனைவரும் அவருடைய உருவத்துக்கு மாலை அணிவிக்கின்றனர். இவ்விரு நாடாளுமன்றத் தொகுதிகளும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை என்பதால் அந்த மாலைக்கு இங்கே கூடுதல் பொருள் உண்டு. ஆனால் 2017 ஜூலையில் அவருடைய மகள் மீரா குமார் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது, ஆந்திரச் சட்டமன்றத்திலிருந்து அவருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. செல்லத்தக்கவையாக எண்ணப்பட்ட 171 வாக்குகளும், தலா 159 மதிப்புடன், ராம் நாத் கோவிந்துக்கே சென்றன. மற்ற எல்லாவற்றிலும் மோதிக்கொண்ட தெலுங்கு தேசமும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசும் இதில் மட்டும் ஒன்றுபட்டன.

கோவிந்தும் தலித் சமூகத்தவரே. ஆகவே குறை வென்றவரிடம் இல்லை. அவரும் அவருடைய போட்டியாளரும் வேட்பாளர்கள் ஆக்கப்பட்ட முறையில்தான் இருக்கிறது. அந்த முறையால் இந்திய அரசியலில் மிகுதியாக இழந்தவர் ஜெகஜீவன் ராம். இப்பதிவு அவர் பக்கம் நின்றே எழுதப்படுகிறது.

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளர் ஆக விரும்புபவர் முதலில் தம் கட்சி வாக்காளர்களிடம் மாநிலம் மாநிலமாகச் சென்று வாக்குக் கேட்க வேண்டும். இந்தியாவில் குடியரசுத் தலைவர் வேட்பாளருக்கு அத்தகைய முதல்நிலைத் தேர்தல் இல்லை. அரசமைப்புச் சட்டம் வாக்காளர் குழுவையும் வாக்கு மதிப்பையும் வகுத்துரைக்கிறது. வேட்பாளர் எங்கிருந்து வர வேண்டும் என்பது பற்றி அது எதுவும் கூறவில்லை. அந்த வெற்றிடத்தைக் கட்சித் தலைமை நிரப்பிக்கொள்கிறது. கட்சியின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பெயர் முடிவான பிறகே வேலை தொடங்குகிறது.

இந்தத் தேர்தலோடு சித்தூர் மாவட்டத்துக்குப் பழைய உறவு உண்டு. திருத்தணி 1960 வரை இம்மாவட்டத்தில் இருந்த ஊர். அங்கிருந்து வந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திருப்பதியின் லுத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றவர். 1956இல் ஆந்திரப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்றபோது நீலம் சஞ்சீவ ரெட்டி காளஹஸ்தித் தொகுதியின் உறுப்பினர். திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1958இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. எனவே 1969ஆம் ஆண்டுத் தேர்தல் இப்பகுதியில் இன்றும் ரெட்டிக்கு இழைக்கப்பட்ட துரோகத்தின் கதையாகவோ, வி.வி.கிரியின் வெற்றிக் கதையாகவோ சொல்லப்படுகிறது. போட்டியிட்ட இருவரும் தெலுங்கர்கள் என்பதால் கதை அவ்விருவரோடு நின்றுவிடுகிறது. போட்டிக்கு முன்பே நீக்கப்பட்ட மூன்றாவது பெயர் அதில் இடம்பெறுவதில்லை.

1969 மே 3 அன்று ஜாகிர் உசேன் காலமானார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் நாடாளுமன்றக் குழு வேட்பாளரை முடிவு செய்தது. காமராஜர், மொரார்ஜி தேசாய், எஸ்.கே.பாட்டீல் முதலானோர் சஞ்சீவ ரெட்டியை முன்னிறுத்தினர். பிரதமர் இந்திரா காந்தி ஜெகஜீவன் ராமின் பெயரைச் சொன்னார். அது காந்தி நூற்றாண்டு. தீண்டாமைக்கு ஆளான சமூகத்தைச் சேர்ந்த ஒருவரைக் குடியரசுத் தலைவர் ஆக்குவதே காந்திக்குச் செய்யும் தக்க மரியாதை என்பது அவர் தரப்பு வாதம். குழுவின் பெரும்பான்மை ரெட்டியைத் தேர்ந்தது. அதன்பின் ஜெகஜீவன் ராமின் பெயர் மீண்டும் எழவே இல்லை.

அடுத்த சில நாட்களில் மொரார்ஜியிடமிருந்து நிதித்துறை பறிக்கப்பட்டது. 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. கிரி பதவி விலகிச் சுயேச்சையாகக் களமிறங்கினார். ரெட்டியின் வேட்புமனுவை முன்மொழிந்த பிரதமரே, பின்னர் உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கட்டும் என்றார்.

சித்தூரின் தமிழ் வீடுகளில் வளர்பவர்களுக்கு இச்சொல் இரண்டு வடிவங்களில் அறிமுகமாகிறது. தமிழில் அது மனசாட்சி: உள்ளே இருந்து அனைத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் சாட்சி. தெலுங்கு அரசியல் பேச்சில் அது ஆத்மப்பிரபோதம்: உள்ளிருந்து எழும் அறிவுறுத்தல். சாட்சி கட்டளையிடுவதில்லை, நடந்ததைக் கண்டு சொல்வதோடு சரி. பிரபோதம் எழுப்பிவிடுகிறது, இன்னதைச் செய் என்கிறது. 1969இல் விடுக்கப்பட்ட அழைப்புக்குத் தெலுங்குச் சொல்லே பொருத்தமானது. அது உறுப்பினர் தம்முள் கண்ட சாட்சியம் அன்று. தலைமையிடமிருந்து வந்த அறிவுறுத்தல். தமிழ்ச் சொல்லின் பொருளில் ஒரு மனசாட்சி அன்று விழித்திருந்தால், முதலில் பெங்களூர் அறையில் ஜெகஜீவன் ராமின் பெயர் எப்படி விழுந்தது என்று அது கேட்டிருக்கும்.

ஆகஸ்டு 20 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன. முதல் விருப்பத்தில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, ஸ்வதந்திரா, ஜனசங்க ஆதரவுடன் நின்ற சி.டி.தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்குத் தேவை 4,18,169. யாரும் அதை எட்டாததால் அடுத்த விருப்ப வாக்குகள் கணக்கில் எடுக்கப்பட்டன. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் அவ்வாறு நிகழ்ந்தது அந்த ஒருமுறைதான். இறுதியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. தேவையைவிட 1,908 மட்டுமே கூடுதல். அவ்வாண்டு நவம்பரில் காங்கிரஸ் பிளந்தது. ஜெகஜீவன் ராம் இந்திரா தரப்புக் காங்கிரசின் தலைவர் ஆக்கப்பட்டார். குடியரசுத் தலைவர் பதவிக்கு அது ஈடாகாது.

இரண்டாவது அறை 1977 மார்ச்சில் மூடப்பட்டது. பிப்ரவரியில் காங்கிரசிலிருந்து வெளியேறிய ஜெகஜீவன் ராமின் முடிவு இந்திராவின் தோல்விக்கு வழிவகுத்த காரணங்களுள் ஒன்று. தேர்தலில் வென்ற ஜனதாக் கூட்டணி பிரதமரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேளையில், உறுப்பினர்களின் வாக்கெடுப்பு நடைபெறவில்லை. முடிவு ஜெயப்பிரகாஷ் நாராயணனிடமும் ஆச்சாரிய கிருபளானியிடமும் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் மொரார்ஜியின் பெயரை அறிவித்தனர். இருவரின் நேர்மையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. எனினும் நேர்மையான இருவர் எடுத்த முடிவு வாக்கெடுப்புக்கு மாற்றாகாது.

மூன்றாவது அறை குடியரசுத் தலைவர் மாளிகை. 1977 ஜூலையில் 37 வேட்புமனுக்களில் 36 தள்ளுபடி ஆனதால் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றித் தேர்வானார். பெங்களூரில் ஜெகஜீவன் ராமுக்கு எதிராக முன்னிறுத்தப்பட்டவர் இப்போது முடிவெடுக்கும் இடத்தில் இருந்தார். 1979 ஜூலையில் மொரார்ஜி விலகினார்; சரண் சிங் பிரதமரானார்; நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலேயே ஆகஸ்டு 20 அன்று அவரும் விலகினார். அதற்குள் ஜெகஜீவன் ராம் ஜனதா நாடாளுமன்றக் கட்சியின் தலைவராகி, ஆட்சி அமைக்க உரிமை கோரியிருந்தார். ஆகஸ்டு 22 அன்று ரெட்டி மக்களவையைக் கலைத்தார். அவருக்குப் பெரும்பான்மை இருந்ததா என்பது அவையில் சோதிக்கப்படவே இல்லை. பெரும்பான்மையை அவையில்தான் சோதிக்க வேண்டும் என்ற நெறியை மாநில அரசுகளைப் பொறுத்தவரை உச்சநீதிமன்றம் 1994இல் பொம்மை வழக்கில் வலியுறுத்தியது. அந்த நெறியின் வெளிச்சத்தில் பார்த்தால், காளஹஸ்தி தந்த தலைவர் 1979இல் எடுத்த முடிவைப் பெருமைக்குரியதாகக் கருத இயலாது.

எதிர்த்தரப்பின் வாதங்களையும் மறைக்கத் தேவையில்லை. 1975இல் நெருக்கடிநிலைக்கு ஒப்புதல் கோரும் தீர்மானத்தை மக்களவையில் கொண்டுவந்தவர் ஜெகஜீவன் ராம்தான். பல ஆண்டுகள் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யாதிருந்ததும் அவர் மீது நின்ற பழி. 1980 ஜனவரித் தேர்தலில் ஜனதா அவரைப் பிரதமர் வேட்பாளராக அறிவித்தபோது மக்கள் இந்திராவுக்கே 353 இடங்களை அளித்தனர். இவை அனைத்தும் உண்மை. ஆனால் 1980இல் அவர் தோற்றது திறந்த களத்தில். அவருடைய குறைகள் மேடைகளில் பேசப்பட்டன, வாக்காளர் எடைபோட்டனர், முடிவு வந்தது. அந்தத் தோல்வியைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 1969, 1977, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவருக்குத் தோற்கும் வாய்ப்புகூட அளிக்கப்படவில்லை.

இதே காலத்தில் அமெரிக்காவிலும் ஒரு மூடிய அறை இருந்தது. 1968இல் ஹூபர்ட் ஹம்ப்ரி முதல்நிலைத் தேர்தல்களில் போட்டியிடாமலேயே சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். வியட்நாம் போரை எதிர்த்து அத்தேர்தல்களில் உழைத்த இளைஞர்கள் கொதித்தனர். அந்த அவமானத்திலிருந்து மெக்கவர்ன்-பிரேசர் குழு பிறந்தது. 1972 முதல் வேட்பாளர் தேர்வு பெருமளவு கட்சி வாக்காளர்களின் கைக்கு மாறியது. அதே ஆண்டில் கறுப்பினப் பெண்மணியான ஷெர்லி சிஷோம் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தகுதிக்குப் போட்டியிட்டார். அவர் வெல்லவில்லை. ஆனால் அவருடைய தோல்வி எண்ணப்பட்டது, பதிவாயிற்று. 2008இல் கட்சித் தலைவர்கள் பலரின் முதல் தேர்வாக இருந்த ஹிலாரி கிளிண்டனை ஐயோவாவிலிருந்து தொடங்கி மாநிலம் மாநிலமாக எதிர்த்து ஒபாமா வேட்பாளரானார். அதே திறந்த கதவு வழியாகத்தான் 2016இல் டிரம்ப்பும் நுழைந்தார். திறந்த முறை நல்லவரையே தரும் என்ற உறுதி எங்கும் இல்லை. யார் எதனால் தோற்றார் என்பதை அது மறைப்பதில்லை என்பதே அதன் பயன்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் இரு நாடுகளுக்கும் ஏறத்தாழ ஒரே பாடம் கிடைத்தது. அங்கே அறையின் கதவு திறக்கப்பட்டது. இங்கே அறையில் இருந்த பலரும் வெளியேற்றப்பட்டு, ஒருவர் மட்டும் உள்ளே அமர்ந்தார். 1969க்குப் பின் காங்கிரசில் அந்த ஒருவர் இந்திரா காந்தி. பிற்காலத்தில் தேசியக் கட்சிகளும் மாநிலக் கட்சிகளும் அதே ஏற்பாட்டைத் தத்தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றன. 2017இல் கோவிந்தின் பெயரும் மீரா குமாரின் பெயரும் அவ்வாறே மேலிருந்து வந்தன. ஒரு தலித்துக்கு எதிராக மற்றொரு தலித் என்ற கணக்குப் போடப்பட்டதே தவிர, எந்தக் கட்சியும் தன் உறுப்பினர்களைக் கேட்கவில்லை.

அத்தேர்தலில் மீரா குமாரும் மனசாட்சிப்படி வாக்களிக்குமாறு உறுப்பினர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். மொழியியல் பயில்வோர்க்கு ஆஸ்டினின் பேச்சுச்செயல் கோட்பாட்டை விளக்க இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஒரே சொல், ஒரே தேர்தல், ஒரே சட்டம்; கட்சிக் கொறடாவின் ஆணைக்கு அன்றும் இடமில்லை, இன்றும் இடமில்லை; வாக்கும் இரகசியமானது. 1969இல் அச்சொல்லைச் சொன்னவரிடம் அரசு இருந்தது. சொல் செயலாயிற்று, ஒரு கட்சியே உடைந்தது. 2017இல் அச்சொல்லைச் சொன்னவரிடம் தந்தையின் பெயரும் எண்ணிக்கையில் குறைந்த கூட்டணியும் மட்டுமே இருந்தன. வேண்டுகோள் வேண்டுகோளாகவே நின்றது. மொத்தக் கணக்கில் கோவிந்துக்கு 7,02,044, மீரா குமாருக்கு 3,67,314.

அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தல் 2027இல். சித்தூர், திருப்பதி உறுப்பினர்களும் அதில் வாக்களிப்பர். யாருக்கு வாக்களித்தீர்கள் என்று அவர்களைக் கேட்க முடியாது. இரகசியம் காக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வேட்பாளரின் பெயர் முடிவானபோது உங்களைக் கேட்டார்களா, கட்சிக்குள் வாக்கெடுப்பு வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்களா என்ற கேள்விகளுக்கு எந்த இரகசியமும் தடையில்லை. இரண்டு தொகுதிகளின் மாணவர் அமைப்புகளும் ஆசிரியர் சங்கங்களும் ஏப்ரல் 5 விழாவில் மாலையோடு இந்த இரு கேள்விகளையும் எடுத்துச் செல்லட்டும்.