பத்து ரூபாய் சாப்பாடு

மதுரைக்காரர்களுக்கு ராமு தாத்தாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அண்ணா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன மெஸ் நடத்தியவர். சோறு, சாம்பார், ரசம், மோர். டீ விலையே பத்து ரூபாய் ஆகிவிட்ட காலத்திலும் அங்கே முழுச் சாப்பாடு பத்து ரூபாய்க்குத்தான் கிடைத்தது. தொடங்கிய காலத்தில் ஒன்றேகால் ரூபாயாம்.

அங்கிருந்து அரசுப் பெரியாஸ்பத்திரி நடக்கிற தூரம். உள்ளே படுத்திருக்கும் நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் சாப்பாடு கிடைத்துவிடும். கூட வந்தவர் என்ன செய்வார்? மாத்திரைக்கு, ஸ்கேனுக்கு, ஊருக்குத் திரும்பும் பஸ்ஸுக்கு என்று மடியில் இருப்பதை எண்ணிக்கொண்டே இருப்பவர், முதலில் காயப்போடுவது தன் வயிற்றைத்தான். அப்படிப்பட்டவர்களும், மூட்டை தூக்குகிறவர்களும், ரூம் எடுத்துப் படிக்கிற பையன்களும் அங்கே ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள்.

வள்ளலார் வழியில் வந்தவர் தாத்தா. அப்படியென்றால் சாப்பாட்டைச் சும்மாவே போட்டிருக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. எனக்கென்னவோ அந்தப் பத்து ரூபாய்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. காசு கொடுத்தவன் தயங்காமல் "இன்னும் கொஞ்சம் சோறு வைங்க" என்று கேட்கலாம். அன்னதான வரிசையில் அந்தக் குரல் எழாது. (இலவசமாகப் போடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.)

மனைவி பூர்ணத்தம்மாளும் கூடவே உழைத்தவர். அவர் போன பிறகும் தாத்தா அடுப்பை அணைக்கவில்லை. 2020 ஜூலையில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், தொண்ணூறு வயதைத் தாண்டி அவரும் போய்ச் சேர்ந்தார். கூட்டம் கூட முடியாத காலம். இல்லாவிட்டால் அங்கே சாப்பிட்டவர்களே தெருவை அடைத்திருப்பார்கள்.

அங்கே சாப்பிட்டவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள்.