பட்டத்தரசியின் பட்டங்கள்

பட்டத்தரசி என்ற சொல் பாடத்தில் வரும்போதெல்லாம் வகுப்பில் ஒரு சிறு சிரிப்பு எழும். பட்டம் என்றால் இன்றைய மாணவியருக்குப் பல்கலைக்கழகம் தருவதுதான். நெற்றியில் கட்டும் பொற்பட்டம் அவர்கள் கண்ட பொருளன்று. ஒரே பெண் இரண்டு பட்டங்களையும் பெற நேர்ந்தால் என்ன ஆகும்? ஜப்பானிய அரச குடும்பத்தில் இதற்கு இரு விடைகள் இருக்கின்றன. ஒருவர் மாமியார், மற்றவர் மருமகள்.

மருமகளிடமிருந்து தொடங்குகிறேன். மசாகோ ஒவாதா 1963 டிசம்பரில் பிறந்தவர். தந்தை வெளியுறவுத் துறை அதிகாரி; பின்னாளில் தி ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்தின் தலைவராகவும் இருந்தார். தந்தையின் பணி மாறுதல்களுக்கேற்ப மாஸ்கோ, நியூயார்க், டோக்கியோ என்று மகளின் பள்ளிகளும் மாறின. டோக்கியோவில் பெண்கள் பள்ளியில் படித்த நாட்களில் தோழியரைச் சேர்த்துக்கொண்டு சாஃப்ட்பால் அணி ஒன்றைத் தொடங்கினாராம். பிறகு மாசசூசெட்ஸில் பெல்மான்ட் உயர்நிலைப் பள்ளி, அதன்பின் ஹார்வர்டில் பொருளாதாரம். 1985இல் பட்டம். எண்ணெய் இறக்குமதியின் விலை அதிர்ச்சிகளை ஜப்பானிய வணிகம் எவ்வாறு தாங்கிக்கொண்டது என்பதைப் பற்றியது அவரது ஆய்வேடு. நாடு திரும்பி டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருக்கும்போதே 1986இல் வெளியுறவுப் பணித் தேர்வை எழுதினார். தேறியவர் 28 பேர். அவர்களுள் பெண்கள் மூவர்.

அந்த மூவருள் ஒருவர் என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. யாருடைய மகள், யாருடைய மனைவி என்ற கேள்விக்கு இடமில்லாத ஒரு பட்டியலில் அவர் பெயர் இருந்த தருணம் அது. அதே ஆண்டு அக்டோபரில், ஸ்பெயின் இளவரசி எலேனாவுக்கு அளிக்கப்பட்ட தேநீர் விருந்தில் இளவரசர் நருஹிதோ அவரைச் சந்தித்தார். 1987இல் பணியில் சேர்ந்த மசாகோவை அமைச்சகம் அடுத்த ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரிக்குப் பன்னாட்டு உறவுகள் பயில அனுப்பியது. இளவரசர் பற்றிய வதந்தியும் புகைப்படக்காரர்களும் அங்கேயும் பின்தொடர்ந்தனர். 1990இல் அங்கே பட்டம் பெறாமலே திரும்பினார். அமைச்சகத்தின் வட அமெரிக்க இரண்டாம் பிரிவில் அவருக்குப் பணி. ஜப்பானியச் சந்தையில் அமெரிக்கச் சிப்புகளுக்கு இடம் கேட்டு வாஷிங்டன் நெருக்கிக்கொண்டிருந்த காலம். அந்தப் பேச்சுவார்த்தைகளில்தான் அவர் ஈடுபட்டிருந்தார்.

1992 டிசம்பரில் திருமணத்திற்குச் சம்மதித்தார். 1993 ஜனவரியில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், அமைச்சகத்தை விட்டுப் பிரிவதில் வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய்யாகும் என்ற கருத்துப்பட அவர் பேசினார். இளவரசரைவிடச் சற்று அதிக நேரம் பேசிவிட்டார் என்று அந்தக் கூட்டத்திற்கே கண்டனம் எழுந்தது! அவ்வாண்டு ஜூன் 9 அன்று திருமணம். அப்போது நான் பள்ளி மாணவி. மணப்பெண்ணின் பன்னிரண்டடுக்குப் பட்டாடைதான் என் நினைவில் தங்கியது; அவருடைய உத்தியோகம் தங்கவில்லை. செய்தியை எழுதியவர்களும் என்னைப் போலவே ஆடையைத்தான் அதிகம் பார்த்தார்கள் என்று இப்போது படுகிறது.

நிற்க. மாமியாரின் கதை வேறு.

மிச்சிகோ ஷோதா 1934இல் பிறந்தவர். தந்தை பெரிய மாவு ஆலை நிறுவனத்தின் தலைவர். கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் டோக்கியோ திரு இருதயப் பெண்கள் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று 1957இல் பட்டம் பெற்றார். மாணவர் மன்றத் தலைவியாகவும் இருந்தார். அதே நிறுவனத்தில் 1951இல் பட்டம் பெற்ற சதாகோ ஒகாதா பின்னாளில் ஐ.நா. அகதிகள் ஆணையரானார். மிச்சிகோ வேலைக்குப் போகவில்லை. படிப்பு முடிந்த சில மாதங்களிலேயே, ஆகஸ்டில், கருயிசாவா டென்னிஸ் மைதானத்தில் பட்டத்து இளவரசர் அகிஹிதோவைச் சந்தித்தார். 1959 ஏப்ரல் 10இல் திருமணம். பட்டத்து இளவரசரை மணந்த முதல் சாமானியக் குடும்பப் பெண் அவரே.

இலக்கியம் படித்தவர்களுக்கு ஒரு செய்தி. பட்ட ஆய்வேட்டுக்கு அவர் எடுத்துக்கொண்டது கால்ஸ்வொர்தியின் ஃபோர்சைட் குடும்பக் கதை. மனைவியைச் சொத்துக் கணக்கில் எழுதிவைக்கும் ஒருவனும், அந்தக் கணக்குக்குள் அடங்காத அவன் மனைவியும் அந்நாவலின் நடுநாயகமானவர்கள். அதை ஊன்றிப் படித்து முடித்த பெண், இரண்டே ஆண்டுகளில் குடும்பப் பெயரைக்கூட வாசலில் விட்டுவிட்டு நுழைய வேண்டிய வீட்டுக்கு மருமகளாகிறார். (ஜப்பானிய அரச குடும்பத்தினருக்குக் குடும்பப் பெயர் கிடையாது.)

ஆயினும் மிச்சிகோ தம் படிப்பைக் கைவிட்டுவிடவில்லை. குழந்தைகளுக்காக எழுதிய கவிஞர் மிச்சியோ மாதோவின் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். விலங்குகளைப் பற்றிய அந்தச் சிறு தொகுப்பு 1992இல் இருமொழி நூலாக வந்தது. 1994இல் மாதோவுக்கு ஆண்டர்சன் விருது கிடைத்தது. குழந்தை இலக்கியத்தின் மிக உயர்ந்த பன்னாட்டு விருதை எழுத்துக்காகப் பெற்ற முதல் ஜப்பானியர் அவர். மொழிபெயர்ப்பு என்பது எத்தகைய உழைப்பு என்பதை அதைச் செய்தவர் அறிவர். அரண்மனையில் இருந்துகொண்டு செய்ததால் அது பொழுதுபோக்காகிவிடாது.

இலக்கியம் மடியில் வைத்துக் கொண்டுபோகக் கூடியது. ஒரு மேசை போதும், அனுமதி கேட்க வேண்டியதில்லை. இராஜதந்திரம் அப்படியன்று. 1947இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசியல் சாசனம் பேரரசருக்கு ஆட்சி அதிகாரம் எதையும் தரவில்லை. பேரரசருக்கே இல்லாததை இளவரசியாக வந்தவர் செய்வதெங்கே? வணிகப் பேச்சுவார்த்தை அறியும் மூளையை அந்த வீட்டில் மாட்டிவைக்க ஓர் ஆணிகூட இல்லை. அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது ஆண் வாரிசு மட்டுமே. 2001 டிசம்பரில் பிறந்தது மகள். 2003 இறுதியில் மசாகோ பொதுப் பணிகளிலிருந்து விலகினார். மறு ஆண்டு ஜூலையில், சூழலுக்கு இசைந்துகொள்ள இயலாமையால் வரும் மனநலக் குறைவு என்று அறிவிக்கப்பட்டது.

இந்த ஒப்பீட்டை எழுதும்போது தமிழ் கற்பிப்பவள் என்ற முறையில் எனக்கு ஓர் ஆறுதல் வந்து ஒட்டிக்கொள்வதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் துறையில் முதுகலை முடித்து, நெட் தேர்விலும் தேறிய மாணவி ஒருத்தியின் தாயார் திருமணப் பத்திரிகையோடு வந்திருந்தார். பெண்ணின் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் அத்தனையும் புள்ளி பிசகாமல் அச்சாகியிருந்தன. "நல்ல எடம் மேடம், வேலைக்குப் போகணும்னு அவசியமே இல்ல" என்றார், மிகுந்த நிறைவோடு. மாணவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'படித்தது எங்கேயும் போய்விடாது, அம்மா' என்று இத்தகைய சமயங்களில் நாங்கள் சொல்வதுண்டு. மிச்சிகோவின் மொழிபெயர்ப்பு அதற்கு நல்ல சான்றுதான். ஆனால் வீட்டில் வைத்துக்கொள்ள உகந்தது, எவருக்கும் இடைஞ்சல் தராதது என்பதால்தான் பெண்ணின் இலக்கியப் படிப்பு பொறுத்துக்கொள்ளப்படுகிறதோ என்ற ஐயம் எனக்குத் தீரவில்லை.

அந்தப் படிப்பும் அவரைக் காத்துவிடவில்லை. மருமகள் வந்த அதே 1993இல் வார இதழ்கள் மிச்சிகோவைக் கடுமையாகத் தாக்கின. அக்டோபர் 20, தம் பிறந்த நாளன்று, மயங்கி விழுந்தார். விழித்தபோது பேச்சு போயிருந்தது, மாதக்கணக்கில் திரும்பவில்லை. மொழியையே படித்தவருக்கு வந்த நோய் இது.

1998இல் புது தில்லியில் நடந்த பன்னாட்டுக் குழந்தை நூல் மாநாட்டில் அவர் உரையாற்றுவதாக இருந்தது. அவ்வாண்டு மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்ததால் பயணம் நின்றது. ஒளிப்பதிவாகவே உரை வந்தது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து வாழ்ந்தபோது தந்தை கொண்டுவந்து தந்த புத்தகங்களைப் பற்றிப் பேசினார். சிறு வயதில் கேட்ட நத்தைக் கதை ஒன்றையும் சொன்னார். தன் ஓட்டுக்குள் துயரம் நிறைந்திருப்பதை ஒரு நாள் உணர்ந்த நத்தை ஒவ்வொரு நண்பனிடமும் போய் முறையிடுகிறது. எனக்கும் அப்படித்தான் என்கிறது ஒவ்வொன்றும். நீமி நன்கிச்சி எழுதிய கதை அது.

2004 மே மாதத்துக்கு வருகிறேன். ஐரோப்பியப் பயணத்துக்கு முன் செய்தியாளரைச் சந்தித்த நருஹிதோ, மசாகோவின் பணி வாழ்வையும் ஆளுமையையும் மறுக்கும் போக்கு இருந்தது என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்த நாட்டில் எவரும் எதிர்பாராத பேச்சு. பயணம் எதற்காக? இரண்டு திருமணங்களுக்காக. மே 14இல் கோபன்ஹேகனில் மணப்பெண் மேரி டொனால்ட்சன், டாஸ்மேனியாவில் வணிகவியலும் சட்டமும் படித்து, மெல்போர்னிலும் சிட்னியிலும் விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். மே 22இல் மாட்ரிட்டில் மணப்பெண் லெத்திசியா ஒர்த்திஸ், முந்தைய ஆண்டு இராக்கிலிருந்து செய்தி அனுப்பிய தொலைக்காட்சிச் செய்தியாளர். இரண்டு திருமணங்களுக்கும் நருஹிதோ தனியாகவே போய்வந்தார்.

2019 மே மாதம் மசாகோ பேரரசியானார். அதே மாதம் வந்த அமெரிக்க அதிபர் தம்பதியோடு மொழிபெயர்ப்பாளர் துணையின்றி உரையாடியதை நாளிதழ்கள் வியந்து எழுதின. ஹார்வர்டில் படித்து, அமெரிக்காவோடு பேரம் பேசும் பிரிவில் இருந்தவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கிறதாம்! 2024 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்ட் அவருக்குக் கௌரவச் சட்ட முனைவர் பட்டம் அளித்தது. அதே ஆண்டு மார்ச்சில் மகள் அய்கோ ஜப்பானிய இலக்கியத்தில் பட்டம் பெற்றிருந்தார். ஆய்வேடு, சிகிஷி என்ற பழங்கால இளவரசியின் கவிதைகளைப் பற்றியது. ஏப்ரலில் செஞ்சிலுவைச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.