அம்மா பார்த்த உச்சி வெயில்

மாசி வெயிலில் அம்மா மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் சோலார் பேனலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். காலையில் கோவளம் கடல் பக்கமும், மாலையில் கேளம்பாக்கம் பக்கமும் பேனல் தானாகத் திரும்ப ஒரு சின்ன மோட்டார், ஒரு டைமர். சூரியன் 4 நிமிடத்துக்கு 1 டிகிரி நகரும். பேனலும் அப்படியே நகர வேண்டும். 12 மணிக்குச் சரியாக நடுவில் வந்து நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“இன்னும் உச்சி ஆகலையேடா” என்றார் அம்மா. “கொடிக்கம்பத்து நிழல் மேற்கால சாஞ்சிருக்கு பாரு.”

“செல்போன்லயே மணி பன்னெண்டும்மா. கண்புரை ஆபரேஷன் பண்ண கண்ணு, உனக்கு எல்லாம் சாஞ்சுதான் தெரியும்.”

அம்மா பதில் பேசவில்லை. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

மனசு உறுத்தியது. பேனல் மீது 10 சென்டிமீட்டர் கம்பி ஒன்றை நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். மேற்கே 1 சென்டிமீட்டர் நிழல். பேனல் கிட்டத்தட்ட 6 டிகிரி முந்திப் போயிருந்தது. அம்மா சொன்னதுதான் சரி.

தப்பு கடிகாரத்தில் இருந்தது. நம் கைக்கடிகாரம் காட்டுவது, உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் பக்கம் போகும் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரம். கோவளம் அதற்கு இரண்டே கால் டிகிரி மேற்கே இருக்கிறது. அதற்கு 9 நிமிடம். நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்தை வைத்துக் கணக்கிட்ட ‘மெட்ராஸ் நேரம்’ என்று ஒன்று இருந்ததே, அதுவும் இந்த 9 நிமிடம் பின்தங்கியதுதான். 1906-ல் இந்தியாவுக்கென ஒரு பொது நேரம் வந்தது. துவாரகையில் உச்சி வெயில் வர ஏறக்குறைய 1 மணிகூட ஆகும்; கடிகாரம் என்னவோ ஒன்றுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பூமி சூரியனை ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் பிப்ரவரி நடுவில் சூரியன் 14 நிமிடம் பிந்தும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். ஆக கோவளத்தில் மாசி உச்சி 12.23-க்கு, ஐப்பசியில் 11.53-க்கே வந்துவிடும்.

உண்மையைச் சொன்னால், 6 டிகிரி தப்பினால் சாதாரண பேனலில் அரை சதவீத மின்சாரம்தான் குறையும். கரண்ட் பில்லில் தெரியவே தெரியாது. ஆனால் இதே ஈசிஆரில் தெற்கே போனால் ஆரோவில் சோலார் கிச்சன் வரும். அதன் மொட்டை மாடியில் 15 மீட்டர் அகலத்தில் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. கிண்ணம் நகராது; வெயில் குவியும் இடத்தைத் தேடிக் கொதிகலன்தான் நகர வேண்டும். அங்கே 6 டிகிரி தப்பினால் சோறு வேகாது.

அன்று ராத்திரியே டைமரில் தேதிவாரியாகத் திருத்தம் போட்டேன். மறுநாள் 12.23-க்கு, “அம்மா, கொஞ்சம் மேல வாயேன்” என்று கூப்பிட்டேன். வந்தார். கம்பத்து நிழல் கைப்பிடிச் சுவரை ஒட்டி நேர் வடக்கே விழுந்திருந்தது. பேனலையும் நிழலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இப்பதாண்டா உச்சி” என்றார். “அது கெடக்கட்டும், உன் பலகை நிழல் வடாம் மேல விழுது. தள்ளி வை.”