மாற்றிக்கொண்ட மன்றாட்டு

சுவிட்சர்லாந்தின் தென்பகுதியில், ரோன் நதி பிறக்கும் வாலே மாநிலத்தில், ஃபீஷ் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் ஏறி எகிஸ்ஹார்ன் மலைமுகட்டில் இறங்கினால், எதிரே ஆலெட்ச் பனியாறு கிடக்கிறது. கிடக்கிறது என்று எழுதுவதே பிழை. அது நகர்ந்துகொண்டிருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. நீளம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஆல்ப்ஸ் மலைகளில் இதைவிடப் பெரிய பனியாறு இல்லை. வெண்மையின் நடுவே நீண்டோடும் கரிய கோடுகளைக் கண்டு, யாரோ பாதை போட்டிருக்கிறார்கள் என்று எண்ணத் தோன்றும். பக்கத்து மலைகள் உதிர்த்த கற்களைப் பனிக்கட்டி சுமந்து செல்லும் தடங்களே அவை.

ஆண்டுதோறும் விழும் பனி உருகித் தீராமல் அடுக்கடுக்காய்ப் படிந்து, தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகிறது. அந்தப் பாரமே அதைச் சரிவில் இறக்குகிறது. அடியில் அகப்பட்ட கற்கள் அரம்போலப் பாறையை அராவுகின்றன. ஆற்றுநீர் அறுத்த பள்ளத்தாக்கு அடியில் குறுகியிருக்கும். பனி அறுத்ததோ தொட்டிபோல் அகன்று நிற்கும். பனியாற்றின் வாயிலிருந்து புறப்படும் மாஸா ஆற்றின் நீர் அரிசி களைந்த நீர்போலக் கலங்கியிருப்பதும் இதனால்தான். அது மாவாய் அரைபட்ட மலை.

பதினேழாம் நூற்றாண்டில் இப்பனியாறு வளர்ந்துகொண்டே வந்தது. அதன் விளிம்பில் அடைபட்டுத் தேங்கிய மெர்யலன் ஏரி அவ்வப்போது உடைப்பெடுத்துத் தாழ்விடங்களில் பாய்ந்தது. அஞ்சிய ஃபீஷ், ஃபீஷர்தால் ஊர்மக்கள், நல்வாழ்வு வாழ்வதாகவும், பனியாறு வளராதிருக்க மன்றாடுவதாகவும் 1678-இல் நேர்ந்துகொண்டார்கள். 1862 முதல் ஆண்டுதோறும் பவனியும் நடைபெற்று வருகிறது. ஜூலை 31, புனித இஞ்ஞாசியார் திருநாளன்று, எர்னர்வால்ட் சிற்றாலயத்தை நோக்கிச் செல்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பனியாறு பின்வாங்கத் தொடங்கியது. இதுவரை மூன்று கிலோமீட்டரளவு சுருங்கிவிட்டது. வளர்ந்தபோது வந்த அச்சம் சுருங்கும்போது நீங்க வேண்டுமல்லவா? நீங்கவில்லை. சுற்றிலும் உயர்ந்த மலைகள் மழைமேகங்களைத் தடுத்துவிடுவதால், ரோன் பள்ளத்தாக்கு அந்நாட்டின் வறண்ட பகுதிகளுள் ஒன்று. குளிர்காலத்துப் பனியைச் சேர்த்துவைத்து, கோடையில் கொஞ்சங் கொஞ்சமாய் அளந்து கொடுக்கும் களஞ்சியம் பனியாறுதான். மலைச்சரிவில் நெடுந்தொலைவுக்குக் கால்வாய் வெட்டி, பாறை குறுக்கிட்ட இடங்களில் மரத்தொட்டிகளைத் தொங்கவிட்டு, அந்நீரை வயலுக்குக் கொண்டுவந்தவர்கள் இவ்வூர்களின் முன்னோர்கள்.

பனியாறு தாழத் தாழ, அது தாங்கியிருந்த சரிவுகளும் பிடிப்பை இழக்கின்றன. அதன் கரையிலுள்ள மூஸ்ஃப்ளூ சரிவு 2016-இல் விரைந்து நகரத் தொடங்கி, நிலம் பிளந்தது. இன்னும் உயரத்தில், ஆண்டு முழுதும் உறைந்தே இருக்கும் நிலத்தில், பாறை வெடிப்புகளிலுள்ள பனிக்கட்டியே சாந்துபோல் மலையைப் பிணைத்து நிற்கிறது. வெப்பம் ஏறினால் அச்சாந்து இளகும். மேற்கே, மலைக்கு அப்பாலுள்ள லொட்சன் பள்ளத்தாக்கில் 2025 மே மாதம் நிகழ்ந்தது நினைவிருக்கும். சிகரத்திலிருந்து சரிந்த பாறைகளின் பாரம் தாங்காமல் பிர்ச் பனியாறு மே 28 அன்று இடிந்து விழ, பிளாட்டன் என்னும் ஊர் கோயிலோடு புதைந்தது. லோன்சா ஆறு அடைபட்டுத் தேங்கி, எஞ்சிய வீடுகளையும் மூழ்கடித்தது. முன்னெச்சரிக்கையால் ஏறத்தாழ 300 பேர் ஒன்பது நாட்களுக்கு முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தனர். எனினும் ஒருவர் இறந்தார்.

மழையும் தன் குணம் மாறுகிறது. மலையில் பனியாய் விழுந்து தங்கவேண்டியது மழையாய் விழுந்தால், அன்றைக்கே ஆற்றில் இறங்கிவிடும். 2024 ஜூன் இறுதியில் பெருமழையும் பனியுருக்கும் ஒன்றுசேர, ரோன் நதி கரைகடந்தது.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 2009-இல், அவ்வூரார் உரோமைக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தார்கள்: வளராதிருக்க என்ற நேர்ச்சையை, கரையாதிருக்க என்று மாற்றிக்கொள்ள வேண்டும். நேர்ச்சை திருச்சபைமுன் செய்யப்பட்டதாகையால் தாங்களாகவே மாற்ற அவர்கள் துணியவில்லை. தேர் செல்லும் தெருவை மாற்றவே நம் பங்குகளில் எத்தனை கூட்டம் கூட்டவேண்டியிருக்கிறது! 2010-இல் அனுமதி கிடைத்தது. பவனி பழைய நாளிலேயே, பழைய பாதையிலேயே செல்கிறது. வேண்டுதலின் சொற்கள் மட்டும் வேறு.